அக்கா, உடைச்சுக் குடுங்க

ஐம்பது வயது மனிதர் ஒருவர் இருபத்தைந்து வயதுப் பெண்ணை ‘அக்கா’ என்று கூப்பிட்டால் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதுவும் மாதத்துக்கு ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து, பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் காலி செய்துவிட்டு, ‘போன் பண்றோம்’ என்று சொல்லிப் போய், போனே வராத காலம் அது. கண்ணாடி முன்னால் நின்று, எனக்கு நிஜமாகவே வயதாகிவிட்டதோ என்று பார்த்துக்கொண்ட நாட்கள் உண்டு. பிறவியிலேயே எனக்குக் கட்டைக் குரல். போனில் பேசினால் ‘சார்’ என்பார்கள். ஆனால் முகம் சின்ன முகம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காரைக்கால் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு சைவ ஓட்டலில் எனக்குப் பில் போடும் வேலை. பி.காம். முடித்துவிட்டு, கோவில்பத்திலிருந்து சைக்கிளில் வந்து, காலை ஏழு மணிக்குக் கல்லாவில் உட்காருவேன். எனக்குப் பின்னால் சாமி படங்களுக்குக் கீழே முதலாளி. ஓட்டலில் இரண்டு ஹால். வெளி ஹாலில் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் அவசரமாக இட்லி தின்றுவிட்டுப் போவார்கள். உள்ளே ஏ.சி. ஹால், மங்கலான விளக்கு, பன்னிரண்டு மேசை. என்னை அக்கா என்றவர் அந்த ஏ.சி. ஹாலின் சப்ளையர். கருக்களாச்சேரி மீனவர் குப்பத்துக்காரர். கடலில் கால் வைத்தாலே வாந்தி வரும் என்பதால் சிறு வயதிலேயே ஓட்டலுக்கு வந்துவிட்டதாகச் சொல்வார்கள்.

அவருக்கு வெளி ஹால் ஆட்களைவிடச் சம்பளம் குறைவு. “ஒனக்கென்னய்யா, ஏ.சி. ஹால்ல தட்டுல விழுதே” என்பார் முதலாளி. அந்தச் சம்பளம் வீட்டு வாடகைக்குச் சரியாகப் போகும். அரிசி, பருப்பு, இரண்டு பெண் பிள்ளைகளின் படிப்பு எல்லாம் சாப்பிட்டவர்கள் சோம்புத் தட்டில் விட்டுப்போகும் சில்லறைதான்.

அந்தச் சில்லறை என் கையில் இருக்கிறது என்பது வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. நூறு ரூபாய்த் தாளைக் கொண்டுவந்து நீட்டுவார். பில் ஐம்பது என்றால் நான் பாட்டுக்கு ஒரே ஐம்பது ரூபாய்த் தாளாக வைத்துவிடுவேன். அவர் தட்டோடு அங்கேயே நிற்பார். “அக்கா, உடைச்சுக் குடுங்க” என்பார். எனக்கோ வேலை மேல் வேலை. எதற்கு உடைக்க வேண்டும்? பிறகு பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தாள் முழுதாக இருந்தால் அது நேரே சட்டைப் பைக்குள் போய்விடும். இருபது, பத்து, பத்து, அதன் மேல் ஐந்து, இரண்டு, இரண்டு, ஒன்று என்று பிரிந்து கிடந்தால் மனிதர்கள் தாள்களை எடுத்துக்கொண்டு நாணயங்களை விட்டுவிடுவார்கள். நான் உடைத்தால் அவர் வீட்டில் உலை கொதிக்கும், உடைக்காவிட்டால் இல்லை. இது தெரிந்த பிறகு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது. மனசு நன்றாக இருந்தால் உடைத்துக் கொடுப்பேன். அவர் வாயிலிருந்து ‘அக்கா’ அழுத்தமாக வந்த நாட்களில் கல்லாவில் சில்லறை இல்லை என்பேன்.

நான் முழுத் தாளாகக் கொடுத்தால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஏ.சி. ஹால் கதவுக்குப் பக்கத்தில் நின்று, தன் பையிலிருந்து சில்லறையை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, என் தாளைப் பையில் போட்டுக்கொள்வார். அப்போது விரல்கள் பைக்குள் கொஞ்ச நேரம் துழாவும்.

புது இரண்டு ரூபாய் நாணயம் வந்த வருடம் அது. பழைய இரண்டு ரூபாய் உங்களுக்கு நினைவிருக்கும், சுற்றிலும் மூலை மூலையாக இருக்கும். புதியது வட்டமாக, ஒரு ரூபாய்க்கு அண்ணன் போல வந்தது. எல்லாருமே ஒரு தடவையாவது ஏமாந்தோம். அவர் மட்டும் அடம்பிடித்தார். “அக்கா, மூல வச்ச ரெண்டு ரூவாயா குடுங்கக்கா.” இது என்ன புதுக் கிறுக்கு என்று நினைத்தேன். ஏதோ ஜோசியர் சொல்லியிருக்கிறார் போலும் என்று முடிவுகட்டிவிட்டேன்.

அது ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் திருநள்ளாறு தரிசனம் முடித்த வெளியூர்க் கூட்டம் மத்தியானம் எங்கள் ஓட்டலில்தான் வந்து விழும். அதற்கு முதல்நாள்தான் ஒரு வரன், பெண்ணுக்குக் குரல் சரியில்லை என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பில் கிழித்துக்கொண்டிருந்தேன். தட்டோடு வந்த அவர், நான் இரண்டு வார்த்தை கடுப்பாகப் பேசியதைக் கேட்டு ஆறுதலாகவே விசாரித்தார்.

“என்னக்கா, வீட்டுல ஏதும் பிரச்சனையா? புள்ளைங்க எல்லாம் நல்லா படிக்குதுங்களா?”

பிள்ளைகள்! கல்யாணமே ஆகாதவளைப் பார்த்து! என் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. பில் நூற்றுத்தொண்ணூறு, அவர் கொண்டுவந்தது இருநூறு. மீதிக்குப் பத்து ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்துத் தட்டில் அடிக்காத குறையாக வைத்தேன். “உடைச்சுக் குடுங்கக்கா” என்றார். “இல்ல” என்றேன். கல்லாவில் சில்லறை குவிந்து கிடந்தது.

ஐந்து நிமிடத்தில் ஏ.சி. ஹாலிலிருந்து சத்தம். தட்டில் பத்துக்குப் பதில் எட்டுதான் இருந்ததாம். ஐந்து ரூபாய் ஒன்று, வட்டக் காசு மூன்று. அந்த மூன்றில் இரண்டு, இரண்டு ரூபாயாக இருந்திருக்க வேண்டும். மூன்றும் ஒரு ரூபாய்.

“கோயிலுக்கு வந்தவன்கிட்ட ரெண்டு ரூவா அடிக்கிறான், திருட்டுப் பய” என்று சாப்பிட வந்திருந்த மனிதர் தட்டைக் கல்லாவுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். முதலாளி எழுந்தார். “என்னய்யா இது? இத்தன வருஷமா இப்புடித்தானா?” என்று கேட்டார். அத்தனை பேருக்கு முன்னால் ஏ.சி. ஹால்காரர் தலையைக் குனிந்தபடி நின்றார். இல்லை என்று சொல்லவில்லை. தவறிப்போச்சு என்றுகூடச் சொல்லவில்லை. காதுமடல் மட்டும் சிவந்திருந்தது.

எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. எழுந்து, “அவரு இல்ல முதலாளி. நாந்தான் மாத்திக் குடுத்துட்டேன்” என்றேன். பத்து ரூபாயை எடுத்து அந்த மனிதர் கையில் கொடுத்தேன். படித்த பெண் என்று வேலைக்கு வைத்ததற்கு இதுதானா என்று முதலாளி அரை மணி நேரம் என்னை வறுத்தெடுத்தார். வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு அது எனக்குத் தகும்.

மூன்று மணிக்கு ஹால் காலியான பிறகு கை கழுவும் இடத்துக்குப் பின்னால் அவரைப் பிடித்தேன்.

“ஏண்ணே வாயத் தொறக்கல? திருடன்னு சொல்றாரு, அப்புடியே நிக்கிறீங்க?”

அவர் ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“திருடன்னா ரெண்டு நாளு பேசுவாங்க, அப்பறம் மறந்துருவாங்கக்கா. கண்ணு தெரியலன்னா மொதலாளி மாவாட்டப் போட்டுருவாரு. அங்க யாரு வந்து தட்டுல காசு வைப்பா?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் சொன்னார். இரண்டு கண்ணிலும் புரை. இரண்டு வருடமாக. சர்க்கரை வேறு இருந்ததால் சீக்கிரமே முற்றிவிட்டது. ஆள் வருவது போவது நிழலாகத் தெரியும். மூஞ்சி தெரியாது. வெயில் கூசும், ஏ.சி. ஹாலின் மங்கல் வெளிச்சம்தான் தேவலை. பழைய இரண்டு ரூபாயை விரல் கண்டுபிடித்துவிடும். புதியது வந்ததிலிருந்து அளவைப் பார்த்துத் தடவித்தான் எடுக்கிறார், சமயத்தில் தவறிவிடுகிறது.

“இவ்வளவு நாள் யாருமே கேக்கலியே?”

“கூடக் குடுத்திருந்தா யாரு திரும்ப வந்து சொல்லுவாக்கா? கொறஞ்சாத்தான் சத்தம் வரும்.”

“ஆபரேஷன் பண்ணிக்க வேண்டியதுதானேண்ணே. ஆஸ்பத்திரில காசே வாங்கறது இல்லியே.”

“பண்றது சும்மாதாங்கக்கா. படுக்கறதுக்குத்தான் காசு. ஒரு மாசம் அனல் ஆகாது, குனியக் கூடாதுங்கறாங்க. ஒரு மாசம் தட்டு இல்லன்னா ரெண்டு பொண்ணுங்களுக்கும் நான் என்னத்தப் போடுவேன்? ஒரு வாரத்துக்கு மேல போனா ஹாலும் வேற ஆளுக்குப் போயிரும்.”

வைத்தியம் இலவசம், வீட்டில் படுத்திருக்கத்தான் வழியில்லை. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. பி.காம். பட்டத்தைச் சுருட்டி எங்கேயாவது எறிந்துவிடலாம் போலிருந்தது.

மறுநாளிலிருந்து நான் அவரைப் பார்க்க ஆரம்பித்தேன். என் மேசையிலிருந்து ஏ.சி. ஹாலின் கண்ணாடிக் கதவு தெரியும். அதுவரை அது எனக்கு ஒரு கதவு. அன்றிலிருந்து பில்லை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன மனிதர்! கதவிலிருந்து மூன்றாம் மேசைக்கு ஏழு காலடி, அங்கிருந்து திரும்பினால் நான்கு. ஒரு காலடி கூடாது, குறையாது. இரண்டு கையிலும் தோசைத் தட்டு, முழங்கை வளைவில் இன்னொன்று. தம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது அவர் தம்ளரைப் பார்ப்பதே இல்லை. சத்தம் மாறுகிற இடத்தில் கை நிற்கும், விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே. காலித் தம்ளரை யாராவது மேசையில் வைத்தால் அந்த ஓசைக்கே முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பவர் திரும்பிவிடுவார். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் தினமும் வருவார். அவர் வாசலில் இருமும்போதே இவர் உள்ளே சர்க்கரை இல்லாத காப்பிக்குக் குரல் கொடுத்துவிடுவார். எட்டுப் பேர் உட்கார்ந்து எட்டு விதமாகச் சொன்னாலும் எழுதிக்கொள்ள மாட்டார். ‘என்ன ஞாபகம்யா இந்த ஆளுக்கு’ என்று ஊரே மெச்சும். எழுதினால் படிக்க முடியாது என்பது எனக்குத்தான் தெரியும். ஒரு மனிதர் இரண்டு வருடமாக, கொதிக்கிற சாம்பாரைத் தூக்கிக்கொண்டு, கண் தெரியாமல் ஒருவர் மேல் ஒரு சொட்டுச் சிந்தாமல் நடந்திருக்கிறார். நானோ அவரை நிறுத்தி வைத்து, சில்லறை இல்லை என்று விளையாடியிருக்கிறேன்.

அதன்பின் நான் எல்லாவற்றையும் உடைத்தேன். அவர் கேட்கவே தேவையில்லை. மூலை வைத்த இரண்டு ரூபாய் எங்கே கண்ணில் பட்டாலும் பொறுக்கி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் தனியே போட்டு வைத்தேன்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் வெளி ஹால் சப்ளையர். போலகத்துக்காரர், கோபக்காரர். இவருக்கும் அவருக்கும் பாம்பும் கீரியும்தான். ஏ.சி. ஹால் தனக்குக் கிடைக்கவில்லை என்ற புகைச்சல் என்று எல்லாரும் சொல்வார்கள். அதற்கேற்ப இவரும் தினம் காலையில் ஏ.சி. ஹாலுக்குள் போய் நாற்காலிகளை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டிருப்பார். உமக்கென்ன அங்கே வேலை என்று நானே இரண்டு தடவை அதட்டியிருக்கிறேன். அன்று கல்லாவுக்கு வந்து பாட்டிலைக் காட்டினார்.

“என்னங்க, அவருக்கு மட்டும் மூல வச்சதாப் பொறுக்கி வைக்கிறீங்க? தெரிஞ்சிருச்சா?”

“என்ன தெரிஞ்சிருச்சா?”

“அவருக்குக் கண்ணு தெரியாதுன்னு.”

நான் வாயைப் பிளந்தேன். அவர் சிரித்தார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“இப்பத்தான் தெரியுதாக்கும். பி.காமா நீங்க?”

ஹாலில் எல்லாருக்கும் தெரியுமாம். நாற்காலி அரை அடி நகர்ந்திருந்தால் அந்த ஏழு காலடி தப்பிவிடும், அதனால்தான் இவர் காலையில் போய் வரிசையாக்கி வைக்கிறார். மேசை துடைக்கிற அம்மா ஒரு நாளும் வாளியை வழியில் வைத்ததில்லை. சமையல்கட்டில் மாஸ்டர் ஒவ்வொரு தட்டையும் வைக்கும்போது, ‘ரெண்டு நெய் ரோஸ்ட்டு, ஒரு பொங்கலு’ என்று தொண்டை கிழியக் கத்துவார். மாஸ்டருக்குக் காது மந்தம், அதனால் கத்துகிறார் என்று நான் நினைத்திருந்தேன். யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை. அவரிடமும் ஒருவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. இரண்டு வருடம்! பணத்தைப் பார்த்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்த எங்கள் இரண்டு பேருக்கு, எனக்கும் முதலாளிக்கும் மட்டும்தான் தெரியாது. அன்று நான் அந்த ஓட்டலையே புதிதாகப் பார்த்தேன். கோயிலில் நிற்கும்போதுகூட எனக்கு மனசு அப்படிக் குழைந்ததில்லை.

“ஆபரேஷனுக்கு ஒரு மாசம் வேணுமாம்ணே. ஹால் போயிரும்னு பயப்படுறாரு” என்றேன்.

போலகத்துக்காரர் மோவாயைச் சொறிந்தார். பிறகு மெதுவாக, “அம்மை போட்டுருவோம்” என்றார்.

இதைவிட நல்ல யோசனை யாருக்கும் வந்திருக்காது. அம்மை வந்த வீட்டுக்கு யாரும் போய் விசாரிக்க மாட்டார்கள். வந்தவர் வெளியே வரக் கூடாது. அதுவும் ஓட்டல்காரருக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே நடுங்கும். அவரிடம் நான் பேசிச் சம்மதிக்க வைத்தேன். அடுத்த திங்கட்கிழமை போலகத்துக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து முதலாளியிடம் சொன்னார். முதலாளி எண்ணிக்கொண்டிருந்த பணத்திலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தார். எழுந்து மாரியம்மன் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“கொப்புளம் காஞ்சு உதுர்ற வரைக்கும் இந்தப் பக்கமே வர வேணாம்னு சொல்லுய்யா. ஹாலு எங்கயும் போயிறாது. ஆத்தா வந்துருக்கறப்ப அவன் மனசு நோவக் கூடாது.”

இளநீர் நான்கும் ஒரு கட்டு வேப்பிலையும் வாங்கி அனுப்பினார். சம்பளம் மட்டும் அனுப்பவில்லை. எனக்குத்தான் உள்ளுக்குள் உதறல், ஆத்தாள் பெயரில் பொய் சொல்லியிருக்கிறோமே என்று. கூழ் ஊற்றிச் சரிக்கட்டிவிடலாம் என்று போலகத்துக்காரர் தைரியம் சொன்னார். அந்த ஆடியில் ஊற்றவும் ஊற்றினோம்.

முதலில் இடது கண்ணுக்குச் செய்தார்கள். அந்த ஒரு மாதம் ஏ.சி. ஹாலைப் போலகத்துக்காரர் பார்த்துக்கொண்டார். நான் உடைத்துக் கொடுத்தேன். கை சலிக்காமல் உடைத்தேன். இருபது ரூபாயைக்கூட ஆறு காசாக்கிக் கொடுத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் போலகத்துக்காரர் கைக்குட்டையில் சில்லறையை முடிந்துகொண்டு கருக்களாச்சேரிக்குச் சைக்கிளை மிதிப்பார்.

“எல்லாமேவா அவருக்கு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பாதிதான். எல்லாத்தையும் குடுக்க நான் என்ன மடையனா? எனக்கும் வீட்டுல மூணு வயிறு இருக்குல்ல” என்று எரிந்து விழுந்தார். அந்தப் பாதி என்ற சொல்லில்தான் எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது. தானும் பசித்தவன் எடுத்துவைக்கிற பாதி அது.

முப்பத்திரண்டாம் நாள் காலை, கூட்டம் இன்னும் வராத நேரம், வாசலில் கறுப்புக் கண்ணாடியோடு ஒருவர் வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். முதலாளி குதித்து எழுந்து வந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்து, “தழும்பே இல்லியேய்யா!” என்றார். “ஆத்தா கருண” என்றார் அவர், கொஞ்சமும் சிரிக்காமல். முதலாளி கை கூப்பிவிட்டு, சாம்பிராணி போடச் சொல்ல உள்ளே ஓடினார்.

அவர் கல்லாப் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்தார். நான் முகம் மலர எழுந்து நின்றேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார்.

“பாப்பா, நீ புதுசா? இங்க அக்கா ஒருத்தங்க இருப்பாங்களே, அவங்க இன்னிக்கு வரலியா?”

எட்டு மாதமாக என் கட்டைக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு, பிள்ளை குட்டி பெற்ற, வீட்டுப் பாரம் சுமக்கிற, எப்போதும் சலித்துக்கொள்கிற ஒரு அக்காவை அவர் மனசுக்குள் உட்கார்த்தி வைத்திருந்திருக்கிறார். அந்த அக்காவிடம்தான் பிள்ளைகள் படிக்கிறார்களா என்று கேட்டார். அந்த அக்கா சில்லறை இல்லை என்று சொன்னபோதெல்லாம், பாவம், அவளுக்கு என்ன கஷ்டமோ என்று போயிருக்கிறார்.

“நாந்தாண்ணே” என்றேன்.

குரலைக் கேட்டதும் அவர் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது. இப்போதுதான் புரை நீக்கின கண் ஒன்றும், இன்னும் புரை மூடிய கண் ஒன்றும் என்னையே பார்த்தன.

“எம் பெரிய பொண்ணு வயசுதான இருக்கும் ஒங்களுக்கு” என்றார். “எத்தன தடவ அக்கான்னேன். எதுத்து ஒரு வார்த்த சொல்லலியே நீங்க.”

சொல்லாமலா இருந்தேன், சில்லறையில் சொன்னேன் என்று அவரிடம் ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. “அக்கான்னே கூப்புடுங்கண்ணே” என்று மட்டும் சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

முதல் மேசைக்காரர் சாப்பிட்டு முடித்ததும் நூறு ரூபாய்த் தாளோடு தட்டு வந்தது. “உடைச்சுக் குடுங்கக்கா.” நான் பழக்கத்தில் ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்து மூலை வைத்த இரண்டு ரூபாய்களைத் தேடினேன். அவர் தடுத்தார்.

“அது எதுக்குக்கா, எது வேணா குடுங்க.”

கல்லாவிலிருந்து புதிய வட்டக் காசுகளை எடுத்துத் தட்டில் வைத்தேன். அவர் அவற்றைத் தடவவில்லை. தலையைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார், பிறகு தட்டை எடுத்துக்கொண்டு காலடிகளை எண்ணாமல் உள்ளே நடந்தார்.